திருவுருவும் விளம்பர உருவும்: கரமனைச் சாலையில் பெண்ணுடலின் இரு நூற்றாண்டு

சமயம் பெண்ணைப் போற்றுகிறது, விளம்பரம் அவளை இழிவுபடுத்துகிறது என்னும் கருத்து தமிழ், மலையாளப் பொதுவெளிகளில் நெடுங்காலமாக நிலவுகிறது. அதற்கு நேர்மாறாக, சமயம் பெண்ணை அடக்கி வைக்கிறது, சந்தையே அவளை வெளியுலகுக்கு அழைத்து வருகிறது என்று வாதிடுவோரும் உண்டு. முடிவில் வேறுபட்டாலும், சமயத்தையும் சந்தையையும் ஒன்றுக்கொன்று பகையான இரு உலகங்களாகக் கொள்வதில் இவ்விரு தரப்பாரும் ஒத்துப்போகின்றனர். வரலாற்றுச் சான்றுகள் அப்படிக் கொள்ள இடம் தருவதில்லை. தெய்வப் படமும் சோப்பு விளம்பரமும் ஒரே அச்சுக்கல்லிலிருந்து பிறந்த காலம் ஒன்று உண்டு. பெண் தோள்சீலையால் மார்பை மறைப்பதை அரசாணை தடுத்த மண்ணிலேயே, அதே மார்பு வெளித்தெரிவது குற்றம் என்று பிற்காலத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. மறைப்பதும் திறப்பதும் மாறிமாறி வந்திருக்க, அதை முடிவு செய்யும் உரிமை பெண்ணின் கைக்கு அரிதாகவே வந்தது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் செய்தி.

இந்த ஆய்வுக்குத் திருவனந்தபுரத்தின் கரமனை பொருத்தமான களம். கோட்டைப் பகுதியிலிருந்து கிள்ளிப்பாலம் வழியாக வரும் சாலை கரமனையாற்றைக் கடந்து நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று தெற்கே செல்கிறது. சாலையின் ஒரு முனையில், ஆடைவிதிகளுக்குப் பெயர்பெற்ற பத்மநாபசுவாமி கோயில் இருக்கிறது. மறுமுனையில், 19ஆம் நூற்றாண்டில் தோளில் இடும் மேலாடையாகிய தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்ட தென் திருவிதாங்கூர்க் கிராமங்கள் இருக்கின்றன. இடையில், கரமனையின் தமிழ் அக்கிரகாரத் தெருக்களுக்கு அண்மையில், கிள்ளியாற்றங்கரையில் கண்ணகியைத் தெய்வமாகக் கொண்டாடும் ஆற்றுக்கால் பகவதி கோயில் அமைந்திருக்கிறது. மதுரையை எரித்தபின் கொடுங்கல்லூர் நோக்கிச் சென்ற கண்ணகி இவ்விடத்தில் தங்கினாள் என்பது கோயிலின் தலவரலாறு.

பொருளாக்கம் என்றால் என்ன

ஆளை ஆளாகக் கொள்ளாமல், பயன்படுத்தத்தக்க பொருளாகக் கொள்வதைப் பொருளாக்கம் என்பர். இக்கருத்தைக் கூர்மைப்படுத்திய அமெரிக்க மெய்யியலாளர் மார்த்தா நஸ்பாம், 1995இல் வெளிவந்த கட்டுரையில் அதற்கு ஏழு கூறுகளை வகுத்தார்: ஒருவரைப் பிறர் நோக்கத்துக்கான கருவியாக்குதல், தன்னாட்சியை மறுத்தல், செயலற்றவராகக் கருதுதல், ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என எண்ணுதல், எல்லைகள் மீறப்படத்தக்கவராகக் கொள்ளுதல், உடைமையாகக் கருதுதல், அவருடைய உணர்வையும் அனுபவத்தையும் கணக்கில் கொள்ளாமை. இந்தப் பட்டியலில் ஆடைக்குறைப்பு இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தலைமுதல் கால்வரை போர்த்திய உருவமும் பொருளாக்கப்படலாம். ஆடையில்லாத உருவமும் பொருளாக்கத்திலிருந்து தப்பலாம்.

விளம்பரப் படங்களை நுணுகி ஆராய்ந்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன், 1979இல் வெளியிட்ட நூலில், ஆடையைவிட உடல்நிலைகளையே முதன்மையாக எடுத்துக்கொண்டார். விளம்பரத்தில் ஆண் பொருளை இறுகப் பற்றுகிறான், பெண் அதை விரல்நுனியால் வருடுகிறாள். ஆண் நிமிர்ந்து நிற்கிறான், பெண் தலையைச் சாய்க்கிறாள், முழங்காலை மடக்குகிறாள், படத்தில் நடப்பதிலிருந்து விலகி எங்கோ பார்க்கிறாள். பட்டுச்சேலை விளம்பரத்தில் மடிப்புக் கலையாமல் நிற்கும் பெண்ணிடமும் இந்த அடையாளங்களைக் காண முடியும்.

1997இல் உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் இருவரும் இதை அகத்தளவில் விரிவாக்கினர். இடையறாமல் பார்வைக்குள்ளாகும் பெண், காலப்போக்கில் தன்னையே பிறர் கண்ணால் பார்க்கப் பழகிவிடுகிறாள் என்பது அவர்கள் கோட்பாடு. மறு ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்றில், நீச்சலுடையை அணிந்து கண்ணாடிமுன் நின்ற மாணவியர், கம்பளிச் சட்டை அணிந்து நின்ற மாணவியரைவிடக் கணக்குத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். மாணவரிடம் அத்தகைய சரிவு தோன்றவில்லை. கண்ணாடியில் தெரியும் உருவத்தைக் கண்காணிப்பதிலேயே மனத்தின் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் அளித்தனர்.

சீலையின் வரிசைமுறை

திருவிதாங்கூரில் மேலாடை என்பது வெப்பதட்பத்துக்கோ நாணத்துக்கோ உரிய செய்தியாக இருக்கவில்லை. அது சாதி வரிசையின் எழுத்தாக இருந்தது. கீழ்நிலையில் வைக்கப்பட்டவர் மேல்நிலையினர் முன் மார்பைத் திறந்து நிற்பது மரியாதை எனப்பட்டது. நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்னும் தெய்வச் சன்னிதியிலும் மேல்சீலையை விலக்கினர். நாடார் பெண்களுக்கோ மேல்சீலையே மறுக்கப்பட்டது. உடலின் ஒரே பகுதி, பார்ப்பவரின் சாதிக்கேற்ப மறைக்கவும் திறக்கவும் கடமைப்பட்டிருந்தது.

லண்டன் மிஷனரி சங்கத்தின் வழியாகக் கிறித்தவத்தைத் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியபோது இந்த ஒழுங்கு குலைந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1813இல் அவர்களுக்கு அனுமதி அளித்தார். உயர்சாதியினர் எதிர்த்ததும், சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணியும் குப்பாயம் என்னும் சட்டையோடு அந்த அனுமதி நின்றது. 1822இல் மோதல்கள் வெடித்தன. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் பிறந்த அரசாணை, குப்பாயத்தை ஏற்று, உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை இடுவதைத் தடுத்தது. 1858இல் மீண்டும் கலவரம் மூண்டு, சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் தந்த அழுத்தத்தின் பேரில், 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆணை நாடார் பெண்கள் மேலுடலை மறைக்க அனுமதித்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களின் பாணியில் அணியக்கூடாது என்ற விலக்கு எஞ்சியிருந்தது.

இந்த அரைநூற்றாண்டுப் பூசலில் அரசர், திவான், ரெசிடென்ட், பாதிரியார், சாதித்தலைவர் எனப் பேசியவர்கள் அனைவரும் ஆண்கள். மிஷனரிகள் மறைப்பை ஒழுக்கமாகக் கண்டனர். உயர்சாதியினர் திறப்பை ஒழுங்காகக் கண்டனர். சந்தை வழியில் சீலை கிழிக்கப்பட்ட பெண்களோ சீலையை மானமாகவும் சம உரிமையாகவும் கண்டிருக்க வேண்டும். குப்பாயம் அனுமதிக்கப்பட்ட பின்னரும் அவர்கள் தோள்சீலையையே கேட்டதற்கு வேறு காரணம் கூற இயலாது. உடலை மறைப்பது மட்டும் நோக்கமாயிருந்தால் குப்பாயம் போதுமானது. அவர்கள் கேட்டது, தம் உடலை இன்னொருவரின் உயர்வுக்குச் சான்றாக நிறுத்தாத நிலையை.

திவானின் யோசனை, ஓவியரின் அச்சகம்

1859 ஆணை வெளியானபோது திருவிதாங்கூர்த் திவானாக இருந்தவர் த. மாதவராவ். பின்னர் பரோடாவிலும் திவானாக இருந்த அவரே, ஓவியர் ராஜா ரவிவர்மாவிடம், அவருடைய ஓவியங்களை விரும்புவோர் பலர் இருப்பதால் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் வண்ண அச்சுப்படங்களாக எடுப்பிக்கலாம் என்று யோசனை கூறியவர். சீலை பற்றிய ஆணையின் காலத்தில் ஆட்சியை நடத்திய அதே மனிதர், சீலையணிந்த தெய்வங்கள் வீடுதோறும் புகுவதற்கான விதையையும் இட்டார்.

1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, 1873இல் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்தால் வியன்னா கண்காட்சியிலும் சென்னையிலும் பரிசு பெற்றார். பரோடா அரண்மனைக்காக 14 புராண ஓவியங்களைத் தீட்டுமுன், இந்தியாவின் பல பகுதிகளிலும் பயணம் செய்து, எல்லாரும் ஏற்கும் பெண்ணுடையைத் தேடினார். சேலையும் ரவிக்கையும் அத்தேடலின் விடையாயின. திருவிதாங்கூர்ப் பெண்களில் பலர் இன்னும் ரவிக்கை அணியத் தொடங்காத காலத்தில், லட்சுமியும் சரசுவதியும் ரவிக்கையோடு காட்சி தந்தனர். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய கல்லச்சகம் பின்னர் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியத் தொழில்நுட்பரின் கைக்கு விற்கப்பட்டது.

இந்த அச்சகத்தின் படைப்புகள் சென்ற இடங்கள் கவனத்துக்குரியவை. அச்சகத்திலிருந்து வெளிவந்த உருவங்கள் பூசையறைகளுக்குச் சென்றன. மங்கல மகளிர் அவற்றின்மேல் சரிகையும் மணியும் ஒட்டி அலங்கரித்தனர். அதே உருவங்கள் சோப்பு, துணி, தீப்பெட்டி முதலியவற்றின் நாட்காட்டிகளிலும் சிட்டைகளிலும் ஏறின. ஒரே முகம், ஒரே இடைவளைவு, ஒரே ஒயில் வணக்கத்துக்கும் விற்பனைக்கும் பயன்பட்டன. கண்ணைக் கவரும் பெண்ணுருவத்தின் கீழ் வணிகரின் பெயரை எழுதினால் அப்பெயர் மதிப்புப் பெறும் என்னும் விளம்பர இலக்கணம் இந்தியாவில் தெய்வப் படத்தின் மடியிலேயே வளர்ந்தது.

சிவகாசி நாட்காட்டியும் லட்சுமி வெடியும்

அந்த இலக்கணத்தைத் தமிழ்நாடு தன் அளவில் முழுமைப்படுத்தியது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வங்கள், சிவகாசியின் அச்சு இயந்திரங்களில் இலட்சக்கணக்கான நாட்காட்டிகளாகப் பெருகின. மேலே தெய்வம், கீழே மளிகைக்கடையின் பெயர், அதற்கும் கீழே நாள்தோறும் கிழிக்கும் தாள். தெய்வப் படத்தைக் குப்பையில் எறிய மனம் வராது என்பதால் ஆண்டு முடிந்தபின்னும் கடைப்பெயர் சுவரில் தொங்கும். வணக்கம் விளம்பரத்தின் ஆயுளை நீட்டித்தது.

அதே சிவகாசியில் தயாரான லட்சுமி வெடி இவ்வுறவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தேவியின் படம் ஒட்டிய வெடி வெடித்துச் சிதறும்போது அப்படம் காலடியில் துண்டாகிறது என்று சமய அமைப்புகள் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்துள்ளன. தமிழில் 2011இல் வந்த ‘காஞ்சனா’வின் இந்தி மறுவாக்கம் 2020இல் ‘லக்ஷ்மி பாம்’ என்ற பெயரில் வெளிவர இருந்தபோது, எதிர்ப்பின் காரணமாகப் பெயர் சுருக்கப்பட்டது. பட்டாசுப் பெட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் நடிகையரின் படங்களும் அச்சாயின. அவை காலடியில் கிடந்து நைந்தபோது இதே அளவு சினம் எழவில்லை. படத்திலிருப்பவள் தேவியாக இருக்கும்வரை அவள் மானம் பொதுச்சொத்து; பெண்ணாக மட்டும் இருந்தால் அது அவளது தனிக்கவலை.

இந்த உருவமரபு நிறத்தையும் வரையறுத்தது. அச்சுப்படத் தேவியர் சிவந்த மேனியராயினர். 1975இல் அறிமுகமாகி, 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறிய ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பின் விளம்பரங்கள் அந்த அழகளவையை விலைக்கு விற்றன. அதற்கு மறுமொழி சென்னையிலிருந்து வந்தது: ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது, 2017 டிசம்பரில் விளம்பரப் பட இயக்குநர் பரத்வாஜ் சுந்தரும் ஒளிப்படக் கலைஞர் நரேஷ் நீலும் லட்சுமி, சீதை, துர்க்கை முதலியோரைக் கருநிற மாந்தரைக் கொண்டு படமாக்கினர். களிம்பு விளம்பரத்தின் மூலவேர் பூசையறைப் படத்தில் இருக்கிறது என்பதை விளம்பரத் துறைக்குள்ளிருந்த இருவரே உணர்ந்து, மாற்றத்தை அங்கே தொடங்கினர். இதற்கு எதிர்த்திசையில், 2008இல் ‘தி சென்னை சில்க்ஸ்’ நிறுவனம் ரவிவர்மாவின் 11 ஓவியங்களை நெய்து, ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய் விலையில் கல்யாணப் பட்டு ஒன்றை உருவாக்கியது. இசைக்கருவி ஏந்திய பெண்களின் ஓவியம் முந்தானையாயிற்று. ஓவியப் பெண் துணியாகி, துணியை உடுத்தும் மணப்பெண் ஓவியமானாள்.

பொன்னணிந்த மணமகள்

கேரளத்தின் நெடுஞ்சாலைகளில் அரைகுறை ஆடையணிந்த பெண்ணின் படத்தைவிட, கழுத்து முதல் இடைவரை பொன்மாலைகள் அடுக்கிய மணமகளின் படமே மிகுதியாகத் தென்படும். அவளிடம் ஆபாசம் இல்லை. சமயத் தலைவர்கள் அவளைக் கண்டித்துப் போராடியதாகத் தெரியவில்லை. ஆயினும் நஸ்பாமின் கூறுகளில் பலவும் அவளிடம் பொருந்துகின்றன: அவள் பேசுவதில்லை, அசைவதில்லை, இன்னொரு மணமகளால் எளிதில் மாற்றப்படத்தக்கவள், ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குக் கைமாறும் செல்வத்தின் தாங்கியாக நிற்கிறாள்.

இப்படிமத்துக்குச் சட்டவரலாறு உண்டு. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே உரியது. ஸ்திரீதனம் பெற்றவளுக்கு அதுவும் இல்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளிக்கும்வரை இந்நிலை நீடித்தது. நிலத்தில் பங்கு மறுக்கப்பட்ட மகளுக்குப் பொன் ஈடாயிற்று. பொன்னை அவள் உடலில் அணிவித்து ஊருக்குக் காட்டுவது குடும்பத்தின் கணக்கு முடிப்பாயிற்று. இந்து, முஸ்லிம் குடும்பங்களிலும் வேறு வேறு வழிகளில் இதே காட்சி நிலைபெற்றது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் தடுக்க முயன்றதை நகைக்கடைப் பலகை நாள்தோறும் அழகாக நினைவூட்டியது.

வரதட்சணைக் கொடுமையால் நேர்ந்த மரணம் ஒன்று 2021இல் கேரளத்தை உலுக்கியபின், அப்போதைய ஆளுநர் ஆரிப் முகமது கான் நகை விளம்பரங்களில் மணமகளின் படத்தைத் தவிர்க்கலாம் என்று கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் பீமா ஜுவல்லரி வெளியிட்ட விளம்பரப் படத்தில், திருநங்கை ஒருவரைக் குடும்பம் படிப்படியாக ஏற்றுக்கொள்வது காட்டப்பட்டுப் பரவலான பாராட்டைப் பெற்றது. பாராட்டுக்குரிய அப்படமும் இறுதியில் வந்துசேருமிடம் பொன்னணிந்த மணக்கோலம். பெண் என்று ஏற்கப்படுவதற்கான சான்றிதழ் அக்கோலமே என்பதை அது மறுக்கவில்லை. அச்சான்றிதழைப் பெறத்தக்கவர் வட்டத்தை மட்டும் விரித்தது.

எந்த விளம்பரம் மனத்தைப் புண்படுத்துகிறது

சமய உணர்வின் பேரில் திரும்பப் பெறப்பட்ட விளம்பரங்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். 2020 அக்டோபரில் தனிஷ்க் நிறுவனம், முஸ்லிம் குடும்பத்தினர் தம் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்தும் படத்தை எதிர்ப்புக்குப் பணிந்து நீக்கியது. 2021இல் மான்யவர் நிறுவனத்தின் விளம்பரம் கன்னிகாதானம் என்னும் சொல்லைக் கேள்விக்குள்ளாக்கியதற்காகக் கண்டனத்துக்கு ஆளானது. அதே ஆண்டு அக்டோபரில், மனைவியர் கணவருக்காக இருக்கும் கர்வா சௌத் நோன்பை இரு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் இருப்பதைக் காட்டிய டாபர் நிறுவனத்தின் படம், மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சரின் எச்சரிக்கைக்குப்பின் நீக்கப்பட்டது. அப்படம் விற்க வந்த பொருள் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சு. அமைச்சரின் சினத்துக்கு அது காரணமாக இருக்கவில்லை.

இம்மூன்றிலும் பெண்ணுடல் ஆபாசமாகக் காட்டப்படவில்லை. பெண் யாரை மணந்தாள், தானமாக்கப்பட இசைந்தாளா, யாருக்காக நோன்பிருந்தாள் என்பனவே வினாக்கள். சமூகத்தின் எல்லைக்கோடு பெண்ணின் உடல்மீது வரையப்பட்டிருப்பதால், அவள் அக்கோட்டைத் தாண்டும்போதே புண்படுதல் நிகழ்கிறது. கோட்டுக்குள் நின்றபடி அவள் பொருளாக விற்கப்படுவது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. தோள்சீலைக் காலத்தின் வரிசைமுறையும் இத்தகையதே: உடல் திறந்திருந்ததா என்பதைவிட, உரிய வரிசையில் நின்றதா என்பதே அன்றும் கேட்கப்பட்டது.

சட்டத்தின் கண்

பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் 1987 அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் உருவத்தை அநாகரிகமாகவோ, பெண்களைத் தாழ்த்தும் வகையிலோ, பொது ஒழுக்கத்தைக் கெடுக்கும் வகையிலோ காட்டும் விளம்பரங்களை அது தடைசெய்கிறது. முதன்முறைக் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பெண்ணின் மதிப்பும் பொது ஒழுக்கமும் ஒரே வரையறைக்குள் அடைக்கப்பட்டிருப்பது இச்சட்டத்தின் அடிப்படைக் குழப்பம். முன்னது பெண்ணைக் காக்க வந்தது, பின்னது பெண்ணிடமிருந்து சமூகத்தைக் காக்க வந்தது. கோயில் சிற்பங்களுக்கும், தெய்வத்தை ஏந்தும் தேர்களுக்கும், சமய நோக்கில் வைத்திருக்கும் உருவங்களுக்கும் சட்டம் விலக்களிக்கிறது. ஆகவே, ஒரே வடிவம் கோபுரத்தில் கலை, பலகையில் குற்றம். அதைப் பிரிக்கும் கோடு அது நிற்கும் இடத்திலும் வைத்திருப்பதன் நோக்கத்திலும் இருக்கிறது. விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பாக 1985இல் தோன்றிய இந்திய விளம்பரத் தர மன்றம், 2014இல் நிறப்பாகுபாடு பற்றியும், 2022இல் பாலின வார்ப்புரு பற்றியும் வகுத்த நெறிமுறைகள் இவ்வகையில் தெளிவானவை. அவை ஆடையை அளப்பதை விட்டு, பெண்ணுக்கு அளிக்கப்படும் பங்கை அளக்கின்றன.

கேரள உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இவ்விவாதத்தைத் திருவிதாங்கூர் வரலாற்றோடு இணைத்தன. 2018 மார்ச்சில் ‘கிருஹலட்சுமி’ இதழ், பொதுவெளியில் பாலூட்டுவதை ஆதரித்து, நடிகை கிலு ஜோசப் குழந்தைக்குப் பாலூட்டும் படத்தை அட்டையில் வெளியிட்டது. எதிர்த்துத் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்த அமர்வு, ரவிவர்மா போன்ற ஓவியரின் படைப்புகளைப் பார்க்கும் கண்ணோடே இப்படத்தையும் பார்த்ததாகக் கூறி, அதில் ஆபாசம் தெரியவில்லை என்றது. மணமாகாத நடிகை நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் தாலியோடும் காட்டப்பட்டது ஏன் என்ற வினா நீதிமன்றத்துக்கு வெளியே எழுந்தது; பாலூட்டும் மார்பு பொதுவெளிக்கு வர மண அடையாளங்கள் அனுமதிச் சீட்டாக வேண்டியிருந்தன.

2023 ஜூன் 5ஆம் நாள் நீதிபதி கௌசர் எடப்பகத், தன் வெற்று மேலுடலில் தன் குழந்தைகள் ஓவியம் தீட்டுவதைப் படமெடுத்து வெளியிட்ட செயற்பாட்டாளர் ரெஹானா பாத்திமா மீதான வழக்கை நீக்கினார். நிர்வாணமும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்று கூறிய அத்தீர்ப்பு, கோயில்களின் சிற்பங்களையும், திருச்சூர்ப் புலிக்களியில் ஆண்களின் உடல்மீது ஓவியம் தீட்டுவது மரபாக ஏற்கப்படுவதையும், மார்பை மறைக்கும் உரிமைக்காக ஒரு காலத்தில் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் போராடியதையும் நினைவூட்டியது. மறைக்கும் உரிமையும் மறைக்காதிருக்கும் உரிமையும் ஒரே வேரிலிருந்து வருவன என்னும் சிந்தனை இங்கே சட்டமொழியில் இடம்பெற்றது.

கோட்டையும் மலையும் ஆற்றங்கரையும்

வழிபாட்டிடங்களின் விதிகளிலும் இதே இழுபறி தொடர்கிறது. 2016 நவம்பரில் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாக அலுவலர் சுரிதார் அணிந்த பெண்களை அனுமதித்தார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை நீக்கியதால், சுரிதாரின்மேல் முண்டு சுற்றிக்கொள்ளும் வழக்கம் மீண்டது. கோயில்களில் ஆண்கள் மேலாடையின்றிச் செல்லவேண்டிய விதி, பூணூலைக் காண்பதற்காக எழுந்தது என்று கூறி, 2024 டிசம்பர் இறுதியில் சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா அதைக் கைவிடுமாறு அழைத்தார். சாதியின் பார்வை ஆணுடலையும் படித்தது என்பதற்கு இது சான்று.

சபரிமலையில் 10 முதல் 50 வயதுவரையிலான பெண்கள் செல்வதை 1991இல் கேரள உயர் நீதிமன்றம் தடுத்தது. 2018 செப்டம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அத்தடையை நீக்கியது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய இந்து மல்ஹோத்ரா அமர்வின் ஒரே பெண் நீதிபதி. 2019 ஜனவரி 1ஆம் நாள் காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை 620 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெண்கள் மதிலாக நின்றனர். தடையை ஆதரித்து நாமஜபம் செய்தவர்களிலும் பெண்கள் பலர் இருந்தனர். தெய்வத்தின் நைஷ்டிக பிரம்மச்சரியம், அதாவது வாழ்நாள் துறவுநோன்பு, தெய்வத்துக்குரிய இயல்பே தவிர பெண்மீதான பழி ஆகாது என்பது பக்தர் தரப்பின் வாதம். அது நேர்மையோடு எதிர்கொள்ளப்பட வேண்டியது. ஆயினும் அவ்விதியில் பெண் தன் பக்தியால் வரையறுக்கப்படாமல், தன் வயதும் உடலும் இன்னொருவரின் நோன்பில் என்ன விளைவிக்கும் என்பதால் வரையறுக்கப்படுகிறாள். விளம்பரமும் பெண்ணை அவள் விளைவிக்கும் ஈர்ப்பால்தான் வரையறுக்கிறது. ஒன்று அந்த ஈர்ப்பை விலக்கி வைக்கிறது, மற்றொன்று விலைக்கு வைக்கிறது. கணக்கின் அலகு ஒன்றே.

ஆற்றுக்கால் பொங்காலை என்னும் பொங்கலிடும் விழா இவ்வலகுக்கு முழுமையாக அடங்காத நிகழ்வு. கும்ப மாதத்தில் பத்துநாள் திருவிழாவின் ஒன்பதாம் நாள், கண்ணகி கதையைக் கூறும் தோற்றம்பாட்டில் பாண்டியன் வதைப் பகுதி முடிந்ததும் கோயிலில் அடுப்பு மூட்டப்படும்; அத்தீ கைமாறிக் கைமாறி, கரமனை உட்படப் பல கிலோமீட்டர் தொலைவுவரை சாலைகளில் அமர்ந்திருக்கும் பெண்களின் செங்கல் அடுப்புகளைச் சேரும். 1997இல் 15 இலட்சம், 2009இல் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவுகள் உள்ளன. கருவறையில் பூசை செய்வோர் ஆண்களே. விழாவின் பெருமையைப் பொதுவாக விளக்குவோர் அதை அடக்கமான இல்லத்தரசியின் நோன்பாகவே காட்டுகின்றனர். இருந்தும், அந்த ஒரு நாள் நகரின் நெடுஞ்சாலை பெண்களின் உடைமை. புகையில் கண் எரிய, வியர்வையில் சேலை நனைய, தன் அடுப்பைக் காத்து அமர்ந்திருக்கும் பெண் கோஃப்மன் கண்ட சாய்ந்த தலைக்கு உரியவள் அல்லள். அவள் பானையைப் பற்றும் கை வருடும் கை அன்று.

கண்ணகியின் கதையே இங்கு ஆழமாகப் பேசுகிறது. மனைவி காலில் அணிந்த சிலம்பு கடைத்தெருவுக்குப் போனதும், பொற்கொல்லனின் பொய்யும்தான் அக்கதையின் கேட்டுக்கு வாயில். அணிகலன் சந்தைக்குப் பொருளானபின், அவள் தன் இடமுலையைத் திருகி எறிந்து, பார்வைக்குரிய உறுப்பைத் தீர்ப்பின் தீயாக்கினாள். மார்பை மறைக்கவோ திறக்கவோ பிறர் இட்ட எந்த ஆணைக்கும் உட்படாத ஒரு செயல் அது. நகை விளம்பரங்கள் நிறைந்த நகரச் சாலைகளிலேயே அவளுக்குப் பொங்கலிடப்படுகிறது.

கண்ணாடி

கரமனையிலிருந்து தெற்கே செல்லும் சாலையின் முடிவில், கன்னியாகுமரிக்கு அருகே சாமித்தோப்பு இருக்கிறது. மேலாடைப் பூசலின் நடுவே வாழ்ந்து, திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்ட அய்யா வைகுண்டர் (1809–1851) தொடங்கிய வழிபாட்டில், பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் அதன்முன் விளக்கும் உள்ளன. வணங்க வருபவர் அதில் தம்மையே காண்கிறார். 1927இல் ஸ்ரீநாராயண குருவும் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்தார்.

ஆய்வறையின் கண்ணாடிமுன் நின்ற மாணவி தன்னைப் பிறர் கண்ணால் கண்டு, தன் அறிவின் ஒரு பங்கை இழந்தாள். சாமித்தோப்பின் கண்ணாடி, தெய்வம் உறையும் இடம் என்று வணங்குபவரின் உடலையே சுட்டுகிறது. கண்ணாடி இரண்டிலும் ஒன்றுதான். அதன்முன் நிற்கும் பெண்ணுக்கு என்ன சொல்லிக்கொடுத்து நிறுத்தினர் என்பதே வேறு. சமயத்துக்குள்ளிருந்தே பிறந்த இந்த வழிபாடு, சமயம் முழுவதையும் பெண்ணின் பகையாகக் கொள்வோருக்கும், சமயமே அவளுக்குக் காப்பு என்போருக்கும் ஒருங்கே விடை தருகிறது. ஒரு விளம்பரத்தையோ ஒரு கோயில் விதியையோ மதிப்பிடும்போது, அது பெண்ணை எவ்வளவு மூடுகிறது, எவ்வளவு திறக்கிறது என்று அளப்பதில் பயன் சிறிது. அவள் உடலைப் பற்றிய முடிவை யார் எடுத்தார், அதன் பயன் யாருக்குச் சென்றது என்று கேட்பதில் பயன் மிகுதி. 1859க்கு முன் தோள்சீலை கேட்டு நின்ற பெண்கள் அக்கேள்வியைத்தான் எழுப்பினர். அவர்கள் நடந்த சாலை இன்னும் கரமனையைக் கடந்தே தலைநகருக்குள் வருகிறது.